செவ்வாய்க்கிழமை என்ன குற்றம் செய்தது?

செவ்வாய்க்கிழமை நல்ல காரியம் தொடங்கக் கூடாது, வீட்டிலிருந்து பணம் வெளியே போகக் கூடாது என்று நம்மில் பலர் இன்றும் சொல்கிறோம். கிரேக்கரும் செவ்வாயை ஆகாத நாள் என்பார்கள். அவர்களுடைய கான்ஸ்டாண்டிநோபிள் நகரம் 1453 மே 29, செவ்வாய்க்கிழமை துருக்கியரிடம் விழுந்தது. துருக்கியருக்கு அதுவே வெற்றி நாள்! ஸ்பெயின் நாட்டாருக்கு 13ஆம் தேதி செவ்வாயில் வந்தால் பயம். ஆங்கிலேயருக்கு அது வெள்ளியில் வர வேண்டும். யூதர்களோ செவ்வாயில் கல்யாணம் வைக்க விரும்புவார்கள். படைப்பின் மூன்றாம் நாளுக்கு ‘நல்லது’ என்று அவர்கள் வேதம் இரண்டு முறை சொல்கிறது, அதனால்.

அப்படியானால் நாம் ஏன் கிழமையைப் பிடித்துக்கொள்கிறோம்? எனக்குத் தெரிந்த ஒரு காரணத்தைச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு செவ்வாய் அந்தியில் பக்கத்து வீட்டு அக்கா வந்து நின்றார். பேரனுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போக 500 ரூபாய் வேண்டும் என்றார். “இன்னைக்குச் செவ்வாய், விளக்கு வைக்கிற நேரம் வேற. நாளைக்கு வாங்கக்கா” என்றேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டார். வேறு யாரோ கொடுத்து, பிள்ளையும் பிழைத்துக்கொண்டது.

உள்ளதைச் சொன்னால், முன்பு கொடுத்த 200 ரூபாய் திரும்பி வரவில்லையே என்பதுதான் அன்று என் மனதில் ஓடியது. அதைச் சொல்ல வெட்கம். கிழமை கைக்கு வாகாகக் கிடைத்தது.

மறுநாள் புதன். நானே பணத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

“வேண்டாம் தம்பி, தேவை நேத்துதான் இருந்தது” என்றார்.