தெரியாது என்பதும் தெரிந்துகொள்ளவில்லை என்பதும்

"தெரியாமச் செஞ்சுட்டான், விடுப்பா." நம்மூர் பஞ்சாயத்துகளில் பாதி வழக்கு இந்த ஒரு வரியில் முடிந்துவிடும். அறியாமைக்கு மன்னிப்பு உண்டு என்று நாம் நம்புகிறோம். ஆனால் தெரிந்துகொள்ளும் வசதி இருந்தும் ஒருவன் வேண்டுமென்றே தெரிந்துகொள்ளாமல் இருந்தால்?

புரூக்ளின் சட்டக் கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பாடம் நடத்திய மார்கரெட் பெர்கரின் எழுத்தில் எனக்குப் பிடிபட்டது இந்தக் கேள்விதான். அவருடைய துறை சாட்சியச் சட்டம். கேட்கவே வறட்சியாக இருக்கும். ஆனால் ரசாயனத்தாலோ மருந்தாலோ பாதிக்கப்பட்டவர்கள் தொடுக்கும் இழப்பீட்டு வழக்குகள் பிழைப்பதும் சாவதும் அங்கேதான்.

கார் மோதினால் யார் மோதியது என்று தெரியும். புற்றுநோய் பல வருடம் கழித்து வரும். அதன்மேல் எந்தக் கம்பெனியின் முத்திரையும் இருக்காது. அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்காடுபவர் இரண்டை நிரூபிக்க வேண்டும்: இந்தப் பொருளால் இந்த நோய் வரக்கூடும், எனக்கு அதனால்தான் வந்தது. இரண்டாவதற்கு ஐம்பது சதவீதத்தைத் தாண்டிய வாய்ப்பு தேவை.

ஒரு கற்பனைக் கணக்கு. சாதாரணமாக 10,000 பேரில் 10 பேருக்கு வரும் நோய், அந்தப் பொருளோடு புழங்கிய 10,000 பேரில் 18 பேருக்கு வருகிறது. கூடுதல் எட்டுப் பேர் அந்தப் பொருளால்தான். ஆனால் அந்தப் பதினெட்டில் யாரைத் தனியாக எடுத்தாலும் வாய்ப்பு 44 சதவீதம்தான். இந்த எண்ணை மட்டும் வைத்து வாதாடினால் பதினெட்டுப் பேரும் தோற்பார்கள்.

இந்தக் கணக்குக்குக்கூட முதலில் ஓர் ஆய்வு வேண்டுமே? அதைச் செய்யப் பணமும் தரவும் வைத்திருப்பது பெரும்பாலும் தயாரிப்பாளர். செய்தால் அவருக்கு எதிரான சாட்சியம் உருவாகலாம். செய்யாவிட்டால் எதிர்த்தரப்பிடம் ஒன்றுமில்லை. அறியாமையே லாபம். மென்பொருள் வேலையில் இருப்பவனுக்கு இது புதிதல்ல. "இதை எதுக்கு லாக் பண்றீங்க? ரெக்கார்டுல இருந்தா பின்னாடி பிரச்சினை" என்று சொல்லும் குரலை மீட்டிங்குகளில் கேட்டிருக்கிறேன்.

1997இல் கொலம்பியா லா ரிவ்யூவில் பெர்கர் துணிச்சலான ஒரு யோசனையை வைத்தார். பொதுக் காரணத்தை நிரூபிக்கும் சுமையையே எடுத்துவிடலாம்; ஆபத்தைப் பற்றிய தகவலைத் தேடாமலும் சொல்லாமலும் விட்டதற்காகத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கலாம். குற்றம் நோயில் தொடங்கவில்லை, தேடாமல் விட்ட இடத்திலேயே தொடங்கிவிட்டது என்பது இதன் பொருள்.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. கர்ப்பகால வாந்திக்கான பென்டெக்டின் மருந்து, பிறவிக் குறைபாடு வழக்குகளின் நெருக்கடியில் 1983இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. 30க்கும் மேற்பட்ட ஆய்வுகள், 1,30,000க்கும் அதிகமான நோயாளிகள். அந்தக் குறைபாட்டுக்கு அது காரணம் என்று எந்த ஆய்வும் காட்டவில்லை. அதே மூலப்பொருள்கள் 2013இல் வேறு பெயரில் திரும்பி வந்தன. இடைப்பட்ட முப்பது வருடம் அவதிப்பட்ட பெண்களுக்கு யார் பதில் சொல்வது? காரணத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்றால் செய்யாத கேட்டுக்கும் அபராதம் விழாதா?

விழலாம். ஆனாலும் நான் பெர்கர் பக்கம் சாய்கிறேன். பென்டெக்டினைக் காப்பாற்றும் வாதமே ஆய்வுகள் இருந்தன என்பதுதான். தேடியவரை அவருடைய விதி தண்டிக்கச் சொல்லவில்லை. எவ்வளவு தேடினால் போதும் என்ற கேள்வி மிஞ்சுகிறது. அது கடினமான கேள்விதான், ஆனால் நேர்மையான கேள்வி.

பெர்கர் 2010இல் இறந்தார். அவருடைய யோசனை சட்டமாகவில்லை. நீதிமன்றங்கள் இன்றும் பொதுக் காரணத்தைக் கேட்கின்றன. "தெரியாமச் செஞ்சுட்டான்" என்று யாராவது சொன்னால் நான் இப்போது உடனே தலையாட்டுவதில்லை. தெரிஞ்சுக்க அவனுக்கு வழி இருந்துச்சா, அதுக்கு யார் காசு கொடுத்திருக்கணும் என்று கேட்கத் தோன்றுகிறது.