மது மறத்தலும் நல்லாரிணக்கமும்

ஆலயத்தில் கொடியேறியதும் கிராமங்களில் ஒரு மாற்றம் நிகழ்வதைக் காணலாம். ஆண்டு முழுவதும் குடித்துத் திரிந்த ஒருவர் மாமிசத்தையும் மதுவையும் விலக்கி, அதிகாலையில் முழுகி, திருநீறு தரித்து, சுவாமி காவத் தோள் கொடுக்கிறார். தீர்த்தம் வரை ஒரு சொட்டும் தொடுவதில்லை. கொடியிறங்கிய பின்போ அவரது கால்கள் பழைய இடத்துக்கே செல்கின்றன. “கடவுளையே ஏமாற்றுகிறான்” என்று ஊர் பழிக்கிறது. அவர் உண்மையில் ஏமாற்றினாரா என்பது சிந்திக்கத்தக்கது.

திருவிழா நாட்களில் அவரைக் காத்தது மனவுறுதி மட்டுமன்று. செய்வதற்குத் தொண்டு இருந்தது. மாலையில் போயிருக்க ஓர் இடம் இருந்தது. அருகில் நின்றவர்களும் விரதகாரராக இருந்தார்கள். கொடியிறங்கியதும் அந்தக் கூட்டம் கலைந்துவிடுகிறது. மாலைப்பொழுது மட்டும் தவறாமல் வருகிறது.

மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், மலத்தைக் கழுவுதலையும் அன்பரோடு கூடியிருத்தலையும் சேர்த்தே பேசுகிறது. ஞானம் பெற்றவருக்கே அடியார் கூட்டம் வேண்டுமென்றால், மதுவின் பிடியில் அகப்பட்டவர் தனித்து நின்று வெல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வாறு நீதியாகும்?

திருவள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தின் முடிவில் இரண்டு உண்மைகளை அடுத்தடுத்து வைக்கிறார். குடித்திருப்பவனுக்குக் காரணம் காட்டிப் புத்தி சொல்வது பயனற்றது என்பது ஒன்று. தெளிந்திருக்கும் வேளையில் குடித்த இன்னொருவனைக் கண்டால், அவனிடத்தில் தன் நிலையை உணரலாமே என்பது மற்றொன்று. உபதேசம் செய்யாததை, தன்னைப்போன்ற ஒருவனின் முகம் செய்துவிடும்.

இவ்வுண்மை 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் செயல்வடிவம் பெற்றது. சில மாதங்களாகக் குடியை விட்டிருந்த பில் வில்சன் என்பவர், வந்த வியாபார காரியம் தோற்றுப்போக, ஹோட்டலில் தனித்து நின்றார். ஒரு பக்கம் மதுச்சாலை, மறுபக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்து, மதகுரு ஒருவரிடம், குடியால் வருந்தும் வேறொருவரைக் காட்டித் தருமாறு கேட்டார். அத்தேடலின் முடிவில் டொக்டர் பொப் ஸ்மித் என்னும் சத்திரசிகிச்சை வைத்தியரைச் சந்தித்தார். ஸ்மித் கடைசியாகக் குடித்த நாளாகக் கருதப்படும் ஜூன் 10, ‘அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்’ இயக்கத்தின் தொடக்க நாளாகக் கொள்ளப்படுகிறது. அங்கே கட்டணமில்லை, ஊர், தொழில், தராதரம் கேட்பதில்லை. குடியை விடவேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. ஆயுள் முழுவதற்கும் சத்தியம் செய்யாமல், இன்று ஒரு நாள் குடிப்பதில்லை என்று தொடங்குகிறார்கள். தவறியவரும் மறுநாள் வரலாம். அது கொடியிறக்கம் இல்லாத விரதம்.

தமிழகத்தில், குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் கணவரின் பெயரால் ரி.ரி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனத்தை ஆரம்பித்தார். அங்கே குடித்தவருக்கு மட்டுமன்றி அவரது குடும்பத்தவருக்கும் ஆற்றுப்படுத்தல் வழங்கப்பட்டது. கிராமங்களிலும் சிகிச்சை முகாம்கள் நடத்தப்பட்டன. அழுது தீர்ந்த கண்ணீரைப் பிறர் வீட்டுக்கு விளக்காக்கிய செயல் அது.

திருகோணமலைக் கிராமங்களின் நிலை என்ன? இரவெல்லாம் கடலில் கிடந்து உடல் நொந்து குடிக்கத் தொடங்கியவர் உண்டு. யுத்தமும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் கொண்டுபோன பிள்ளைகளை மறக்கக் குடித்தவரும் உண்டு. கசிப்பு விற்கும் வீட்டைச் சிறுபிள்ளையும் கைகாட்டும். குடியை விட நினைப்பவர் எங்கே போவது என்று கேட்டால் பெரியவர்களும் விழிப்பார்கள். கேட்பதற்கே வெட்கப்படுகிறவர் பலர். ஆழமான துறைமுகத்துக்குள் வரும் கப்பலில், நீரோட்டம் அறிந்த வழிகாட்டி ஒருவர் ஏறிக்கொள்கிறார். அதனால் எந்தக் கப்பற்தலைவரும் தன்னைக் குறைவாக எண்ணுவதில்லை.

வழி கேட்பவர் முதலில் மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துடனும் கதைக்கலாம். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் உண்டாகி, உயிராபத்தும் நேரலாம். ஆகவே வைத்தியரின் துணையுடன் நிறுத்துவதே பாதுகாப்பு. அதன்பின் வரும் நீண்ட மாலைகளுக்குத்தான் கூட்டம் வேண்டும்.

அந்தக் கூட்டத்துக்கு இடம் கொடுப்பதும் ஆலயத் தொண்டேயாகும். கிழமையில் ஒரு மாலை அன்னதான மண்டபத்தின் கதவைத் திறந்துவைப்பதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஆனால் ஒரு கடமை உண்டு. ஒருவரையொருவர் அறிந்த கிராமத்தில் பெயரை மறைக்க இயலாது. அங்கே கேட்டதை வெளியே சொல்லாமல் இருக்க இயலும். வந்தவரை மேடையேற்றிப் பாராட்டவும் வேண்டாம், தவறியவரைச் சந்தியில் வைத்துச் சிரிக்கவும் வேண்டாம். வாய் காக்கும் இந்த விரதம் குடிக்காதவர்களுக்கு உரியது. அது கைகூடாத ஊரில், குடிப்பவரின் விரதம் முறிவதை மட்டும் குறை சொல்வது தகாது.

அடுத்த முறை கொடியிறங்கும்போது, சுவாமி காவிய அந்த மனிதரிடம் “நாளைக்குப் பின்னேரம் வாருங்கோ அண்ணை” என்று சொல்ல ஒருவராவது இருக்கவேண்டும். மாதுமை அம்பாள் சமேத கோணேசப் பெருமான் அதற்குத் திருவருள் பாலிப்பாராக.