ஐபி முகவரி எதைக் குறிக்கிறது?

சர்வர்களை நிர்வகிக்கும் மென்பொருள்களில் ‘ஐபி முகவரி’ என்று ஒரு கட்டம் இருக்கும். புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்களை அதில் நிரப்ப வேண்டும். எதை நிரப்புவது என்று பயனர் திணறினால், அவருக்கு நெட்வொர்க் தெரியவில்லை என்று முடிவுகட்டுவது வழக்கம். பல நேரங்களில் கோளாறு கட்டத்தில்தான் இருக்கிறது. அது கேட்பது ஒரே கேள்வியல்ல, பல. முகவரி என்பது ஒரு பொருளின் பெயரா, அது இருக்கும் இடமா, சொல்பவரைப் பொறுத்து மாறும் சுட்டா? மொழித் தத்துவத்தில் இது தீராத வழக்கு. மென்பொருளை வடிவமைப்பவரோ தெரிந்தோ தெரியாமலோ அதற்கு ஒரு தீர்ப்பு எழுதிவிடுகிறார்.

பெயர், முகவரி, வழி மூன்றும் வேறுவேறு என்று 1978-லேயே கணினி விஞ்ஞானி ஜான் ஷோக் ஒரு குறிப்பில் பிரித்துக் காட்டினார். எதைத் தேடுகிறோம் என்பது பெயர். அது எங்கே இருக்கிறது என்பது முகவரி. அங்கே போய்ச் சேருவது எப்படி என்பது வழி. 1981-ல் வெளிவந்த ஐபி நெறிமுறையும் இதையே ஏற்றுக்கொண்டது. நடைமுறை அப்படி அமையவில்லை. இரண்டு கணினிகளுக்கு இடையிலான டிசிபி இணைப்பை அடையாளம் காண இரு முனைகளின் ஐபி முகவரிகளும் போர்ட் எண்களும்தான் பயன்படுகின்றன. ஆகவே இடத்தைச் சொல்ல வந்த எண் ஆளையும் சொல்லத் தொடங்கியது. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது நடந்துகொண்டிருந்த இணைப்பு அறுந்துபோவதற்கு இந்த இரட்டை வேடமே காரணம்.

நன்னூல் பெயர்களை இடுகுறி என்றும் காரணப் பெயர் என்றும் பிரிக்கும். ஐபி முகவரி பார்வைக்கு வெறும் இடுகுறி. ஆனால் அதன் முற்பகுதி நெட்வொர்க்கைச் சொல்கிறது, பிற்பகுதி அந்த நெட்வொர்க்குக்குள் ஓர் இணைப்புமுனையைச் சொல்கிறது. இரண்டும் பிரியும் இடத்தைக் காட்டுவது நெட்மாஸ்க். அது எதற்கு என்று தெரியாமலேயே 255.255.255.0 என்று தட்டிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். முகவரி பெற்றிருப்பது கணினி அல்ல, அதன் நெட்வொர்க் கார்டு. இரண்டு கார்டுகள் உள்ள இயந்திரத்துக்கு இரண்டு முகவரிகள்; ஒரே கார்டுக்கும் பல முகவரிகள் தரலாம். ஒரே பொருளுக்குப் பல பெயர்கள் இருப்பது பழைய புதிர். விடிவெள்ளியும் அந்தியில் தெரியும் வெள்ளியும் ஒரே கோள்தான் என்பது செய்தியாக இருக்க முடிவது எப்படி என்று 1892-ல் தத்துவஞானி கோட்லோப் ஃபிரேகெ கேட்டார். சுட்டப்படும் பொருள் ஒன்றானாலும் அது நமக்குத் தோன்றும் விதம் வேறு என்பது அவர் விடை. சர்வர் நிர்வாகிக்கு இது அன்றாடப் பிரச்சினை: உள்ளிருந்து 10.0.0.5, வெளியிலிருந்து 203.0.113.25, இரண்டும் ஒரே இயந்திரம்.

127.0.0.1 இன்னொரு வகை. அதை எந்த இயந்திரம் சொல்கிறதோ அந்த இயந்திரத்தையே அது குறிக்கும். தன்மைப் பெயரான ‘நான்’ போல. இத்தகைய சொற்களுக்கு மாறாத விதி ஒன்று உண்டு, ஆனால் குறிக்கப்படும் பொருள் ஒவ்வொரு வாயிலும் மாறும் என்று தத்துவஞானி டேவிட் கப்லான் விளக்கினார். டேட்டாபேஸின் முகவரி 127.0.0.1 என்று எழுதிய, மடிக்கணினியில் சரியாக இயங்கிய அமைப்புக் கோப்பை அப்படியே ஒரு கன்டெய்னருக்குள் வைத்தவுடன் டேட்டாபேஸ் கிடைக்காமல் போவது இதனால்தான். எழுத்து மாறவில்லை, சொல்பவர் மாறிவிட்டார்.

0.0.0.0 இதைவிடச் சிக்கலானது. இணைப்புக்காகக் காத்திருக்கும் சர்வருக்கு அது ‘இந்த இயந்திரத்தின் எல்லா ஐபிவி4 முகவரிகளும்’. வழித்தட அட்டவணையில் 0.0.0.0/0 என்றால் ‘வேறு வழி குறிப்பிடாத எல்லா இடங்களும்’. டிஹெச்சிபி மூலம் முகவரி கேட்கும் கணினியிடமோ ‘எனக்கு இன்னும் முகவரி இல்லை’. எல்லாம், மற்றவை, ஏதுமில்லை என்ற மூன்றுக்கும் ஒரே எழுத்து! இதில் தவறினால் கொடுக்கும் விலை சின்னதல்ல. 2017 ஜனவரியில், எல்லா முகவரிகளிலும் காத்திருந்து கடவுச்சொல் இல்லாமல் இணையத்துக்குத் திறந்து கிடந்த மோங்கோடிபி டேட்டாபேஸ்கள் பல்லாயிரக்கணக்கில் அழிக்கப்பட்டு, பணம் கேட்டுக் குறிப்புகள் விடப்பட்டன. அவற்றில் பலவற்றைத் திறந்துவைக்க வேண்டும் என்று யாரும் முடிவு செய்திருக்கவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் வந்த 3.6 பதிப்பு, கேட்டாலொழியத் தன் இயந்திரத்துக்குள் மட்டுமே காத்திருக்கும்படி மாற்றப்பட்டது.

ஒரு சர்வர் தன் முகவரியைத் தானே அறியுமா என்ற கேள்விக்கு மேகக் கணினிச் சேவைகளில் விடை பெரும்பாலும் ‘அறியாது’. 1996-ல் தனிப்பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்ட வரம்புகளில் ஒன்றிலிருந்து அதற்கு 10.0.0.5 கிடைக்கிறது. பொது முகவரியோ சேவை நிறுவனத்தின் மாற்று அட்டவணையில் இருக்கிறது. இயந்திரத்திடம் முகவரிகளைப் பட்டியலிடச் சொன்னால் அதில் பொது முகவரி வராது. வெளியே உள்ள ஒரு சர்வரிடம் ‘என் கோரிக்கை எங்கிருந்து வந்ததாகத் தெரிகிறது?’ என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அப்படி அறிவதும் வெளியே போகும் முகத்தை மட்டுமே. உள்ளே வருகிறவர்கள் வேறு முகவரியில் வரக்கூடும். இந்த இடைவெளியை மென்பொருள் கவனிக்காவிட்டால், புதிய டொமைனின் டிஎன்எஸ் பதிவில் 10.0.0.5 ஏறிவிடும். தளம் உள்நெட்வொர்க்கில் அருமையாகத் திறக்கும், வெளியே யாருக்கும் திறக்காது. விர்ச்சுவல்மின் போன்ற நிர்வாக மென்பொருள்களில் டிஎன்எஸ் பதிவுகளுக்கான முகவரியைத் தனியாகக் குறிக்க வழி வைத்திருப்பது இதற்காகத்தான்.

அப்படியானால் தெளிவு என்பது விளக்கக் குறிப்புகளை நீட்டுவதல்ல, கேள்விகளைப் பிரிப்பது. ‘எந்த முகவரியில் காத்திருக்க வேண்டும்?’ என்பது ஒன்று. ‘வெளியுலகுக்கு எந்த முகவரியைச் சொல்ல வேண்டும்?’ என்பது மற்றொன்று. ‘எந்தச் சர்வரை நாட வேண்டும்?’ என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே எண் விடையாக அமைவது தற்செயல். 0.0.0.0 என்று மட்டும் காட்டாமல், அது இப்போது எந்தெந்த முகவரிகளாக விரிகிறது என்பதையும் அருகிலேயே காட்டலாம். இவ்வளவு பேச்சு அனுபவசாலிகளுக்கு இடைஞ்சல் என்ற வாதம் உண்டு. எண்ணை மறைக்காமல் பொருளையும் சேர்த்துச் சொன்னால் அவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. எல்லாவற்றையும் மென்பொருளே கண்டுபிடித்து நிரப்பட்டும் என்பது இதைவிட வலுவான வாதம். ஆனால் கண்டுபிடித்ததையும் ஊகித்ததையும் ஒரே எழுத்தில் காட்டினால் பயனர் ஊகத்தை உண்மையென்று நம்புவார். ஒரு போர்ட் இணையத்துக்குத் திறந்திருக்கிறதா என்பது வெளியில் உள்ள ஃபயர்வாலையும் பொறுத்தது. உள்ளிருந்து பார்க்கும் மென்பொருள் அதை உறுதியாகச் சொல்ல முடியாது, சொல்வதாகப் பாவனை செய்யவும் கூடாது.

ஐபியின் புதிய பதிப்பான ஐபிவி6-ல் ஒற்றைக் கட்டத்துக்கு இன்னும் குறைவான இடமே மிச்சம். அங்கே ஒரே கார்டுக்கு உள்வட்டத்துக்கான (link-local) முகவரி ஒன்று எப்போதும் உண்டு. பொது முகவரி அதனுடன் சேரும். தனியுரிமைக்காக அவ்வப்போது மாறும் தற்காலிக முகவரிகளும் சேரலாம். காத்திருக்க நிலையான பொது முகவரி பொருத்தம், வெளியே போகும்போது தற்காலிகமானது தெரியலாம், பக்கத்து ரவுட்டருடன் பேச உள்வட்ட முகவரி போதும். ‘இந்த இயந்திரத்தின் முகவரி எது?’ என்று அங்கே கேட்டால், எதற்காக என்று திருப்பிக் கேட்காமல் விடை சொல்ல முடியாது.