வாங்க ஆளில்லாத கதவு

திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் இருந்த எங்கள் பழைய வீட்டை இடிக்க முடிவான அன்று முதலில் வந்தது ஜேசிபி இல்லை, ஒரு மினி வேன். வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். நிலைக்கதவைத் தட்டிப் பார்த்தார். மேல் சட்டத்தில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் கொடி, கீழே யாளி முகம். "தேக்கு. நிலையோட எடுத்துக்கிறேன்" என்றார். பெரியப்பா ரொம்பப் பேரம் பேசவில்லை. பங்காளிகள் ஆறு பேர், வீடு ஒழுகியது, யாருக்கும் அங்கே திரும்பிப் போகும் எண்ணம் இல்லை.

இரண்டு வருஷம் கழித்துப் புதுச்சேரி போகிற வழியில் ஒரு காபிக் கடை வாசலில் அதே நிலையைப் பார்த்தேன். கதவைப் படுக்கப்போட்டு, மேலே கண்ணாடி வைத்து மேசையாக்கி இருந்தார்கள். கோபம் வந்தது. ஆனால் யார் மேல்? விற்றது நாங்கள்தானே.

ஒரு பொருளை அதன் இடத்திலிருந்து பிரிப்பதே தப்பா? அப்படிச் சொல்லிவிட முடியாது. முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீடு நிற்கிறது. இடிக்க இருந்த வீட்டின் பாகங்களைக் கொண்டுவந்து அங்கே மறுபடி கட்டினார்கள். இடம் மாறியது, ஆனால் அது எந்த ஊர் வீடு, அதில் எப்படி வாழ்ந்தார்கள் என்கிற பேச்சும் கூடவே வந்தது. எங்கள் நிலை கூட எதுவும் வரவில்லை. காபிக் கடையில் அது வெறும் 'பழசு'.

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே மண்டகப்பட்டு இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு நான்கும் இல்லாமல் மூன்று தெய்வங்களுக்கு இந்த இடத்தைச் செய்தேன் என்று அங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். யோசித்தால் நம் வீடுகள் எல்லாமே அந்த நான்கும்தான். அரசன் விலக்கிய பொருள்களில்தான் மனிதர்கள் குடியிருந்தார்கள். அழியும் என்று தெரிந்தேதான் அதில் கொடியும் யாளியும் செதுக்கினார்கள். மகேந்திரனின் பட்டப்பெயர் கல்லில் இருக்கிறது. எங்கள் கஜலட்சுமியைச் செதுக்கிய ஆசாரியின் பேர் பெரியப்பாவுக்கே தெரியாது. ஆக, அந்தப் பேச்சை அறுத்தது வேன்காரர் இல்லை. அது எங்கள் வீட்டிலேயே எப்போதோ அறுந்துபோயிருந்தது.

ஊருக்குப் போனபோது, எங்கள் வீட்டில் நாற்பது வருஷம் வேலை செய்த ஆயாவிடம் போனில் படத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தது.

"இந்த வாசப்படிய நான் தாண்டுனதே இல்ல கண்ணு. இப்ப யார் வேணா உள்ள போலாமா?"

"காசு குடுத்தா போலாம் ஆயா."

"அப்ப நல்லதுதான."

இதற்கு என்ன பதில் சொல்வது? நான் மரபு என்று துக்கப்பட்டது அதற்கு ஒரு தடை. 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் கலைப்பொருளுக்கு 100 வயதாகிவிட்டதா என்று கேட்கும். அந்த வாசலுக்கு வெளியே யாரை நிறுத்தினார்கள் என்று கேட்காது. அதற்காகக் காபிக் கடை வந்து நியாயம் செய்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். அங்கே ஒரு காபி விலைக்கு ஆயா வீட்டில் இரண்டு நாள் சமையல் ஆகும். சாதி நின்ற இடத்தில் இப்போது விலைப்பட்டியல் நிற்கிறது, அவ்வளவுதான்.

பழையதைக் காப்பாற்றுவது கடமை என்றால், செதுக்கலை மட்டும் காப்பாற்றினால் போதாது என்று இப்போது நினைக்கிறேன். யார் செய்தார்கள், யார் உள்ளே போனார்கள், யார் போகவில்லை, இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலாவதை விட்டால் திருட்டு. மூன்றாவதை விட்டால் பொய்.

கிளம்பும்போது ஆயா கேட்டது: "தோட்டத்துப் பக்கம் ஒரு கதவு இருந்துச்சே, அது என்னாச்சு?"

அது பனம்பலகைக் கதவு. தினமும் காலையில் ஆயா வந்து நின்ற கதவு. செதுக்கல் எதுவும் இல்லை. வேன்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நாங்களும்தான். விறகோடு போயிருக்கும்.

"தெரியல ஆயா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.