டாம் ஃபின்னியின் இரண்டு தொழில்கள்

இங்கிலாந்தில் 1901 முதல் 1961 வரை கால்பந்து வீரர்களின் வாரச் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. தொடக்கத்தில் 4 பவுண்டு. கடைசிக் காலத்தில் 20 பவுண்டு. ஆட்டம் இல்லாத கோடை மாதங்களில் அதையும் குறைத்தார்கள். நாடறிந்த ஆட்டக்காரருக்கும் இதே வரம்புதான். வீரர்களில் பலர் கிளப்புக்குச் சொந்தமான வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். வேறு கிளப்புக்குப் போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். சனிக்கிழமை ஆட்டத்துக்கு ரசிகர்களோடு ஒரே பஸ்ஸில் போனவர்களும் உண்டு.

அந்த வாழ்க்கையைப் பற்றி எண்ணும்போதெல்லாம் ஒரு நிகழ்ச்சி குறுக்கே வந்து நிற்கிறது. 1952இல் இங்கிலாந்து அணி இத்தாலிக்குச் சென்றிருந்தபோது, சிசிலியின் பலேர்மோ கிளப் அந்த அணியின் வீரர் டாம் ஃபின்னியை அழைத்தது. கையெழுத்திட்டால் 10,000 பவுண்டு, மாதம் 130 பவுண்டு சம்பளம், குடியிருக்க ஒரு மாளிகை, கார். அப்போது அவருடைய கிளப்பான பிரஸ்டன் நார்த் எண்ட் அவருக்குச் சட்டப்படி தரக்கூடியது வாரம் 14 பவுண்டு. அந்த 10,000 பவுண்டை ஈட்ட அவர் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆட வேண்டியிருக்கும். கிளப் மறுத்துவிட்டது. ஃபின்னி ஊர் திரும்பி ஆட்டத்தைத் தொடர்ந்தார். கூடவே குழாய் வேலையையும் தொடர்ந்தார்.

அந்தக் குழாய் வேலைதான் மனத்தை விட்டுப் போக மறுக்கிறது. ஃபின்னி பிளம்பர். பிரஸ்டன் ரசிகர்கள் அவரை அந்தப் பெயராலேயே அழைத்தார்கள். 1922இல் பிறந்த அவர், கிளப் மைதானத்துக்கு அருகிலேயே வளர்ந்த மெலிந்த சிறுவன். பதினான்காம் வயதில் கிளப் அவரைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தபோது, முதலில் பிளம்பர் பயிற்சியை முடிக்கட்டும் என்று தந்தை நிறுத்திவைத்தார். கால் ஒடிந்தால் பந்து சோறு போடாது என்று ஒரு தந்தை கணக்குப் போடுவது இயல்பு. பிறகு போர் வந்தது. எகிப்திலும் இத்தாலியிலும் ராணுவத்தில் இருந்துவிட்டு, முதல் லீக் ஆட்டத்தை அவர் ஆடியபோது வயது 24. புகழ் வந்த பின்னும், சகோதரரோடு சேர்ந்து நடத்திய பிளம்பிங் தொழிலை அவர் கைவிடவில்லை.

இங்கிலாந்துக்காக 76 ஆட்டங்கள், 30 கோல்கள். இரண்டு முறை ஆண்டின் சிறந்த வீரர். அப்படிப்பட்டவருக்கு எதற்கு இரண்டாவது தொழில் என்று கேட்டால், பணத்துக்கு என்பதே எளிய விடை. ஆனால் அது முழு விடையா? பந்தாட்டத்தில் அவருடைய உழைப்பு அவர் கையில் இல்லை. அக்காலத்தில் ஒப்பந்தம் முடிந்தாலும் வீரரின் பதிவு கிளப்பிடமே இருக்கும். கிளப் விடுவிக்காமல் வேறெங்கும் ஆட முடியாது. ஜான் சார்ல்ஸ் என்ற வீரரால் 1957இல் இத்தாலியின் யுவெண்டஸுக்குப் போக முடிந்தது, லீட்ஸ் கிளப் அவரை விற்க இசைந்ததால்தான். பிளம்பிங்கில் மட்டுமே ஃபின்னியால் தன் வேலைக்குத் தானே விலை சொல்ல முடிந்தது.

ஜிம்மி ஹில் தலைமையில் வீரர்கள் வேலைநிறுத்தத்துக்குத் துணிந்த பிறகே, 1961 ஜனவரியில் உச்சவரம்பு போயிற்று. ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற வீரர் தொடுத்த வழக்கில், வீரர்களைப் பிடித்துவைக்கும் முறை நியாயமற்றது என்று 1963இல் தீர்ப்பு வந்தது. இரண்டுமே ஃபின்னிக்கு உதவவில்லை. அவர் 1960இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். லீக் பட்டமும் எஃப்.ஏ. கோப்பையும் கைக்கு எட்டாமலே.

லீக் ஆட்டங்களை எல்லாம் ஒரே கிளப்புக்காக ஆடிய அவரை ஊர்ப்பற்றுக்கு இலக்கணமாகப் போற்றுகிறார்கள். அந்தப் போற்றுதலில் உண்மை இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகும் அவர் தன் ஊரான பிரஸ்டனை விட்டுப் போகவில்லை. ஆனால் பலேர்மோ அழைத்தபோது போக அவருக்கு உரிமை இருக்கவில்லை. போக முடியாதவர் தங்கியதை எந்த அளவுக்கு அவருடைய முடிவாகக் கொள்வது? கிளப் சரி என்றிருந்தால் அவர் சிசிலிக்குப் போய், சில ஆண்டுகளில் திரும்பி வந்து, அதே ஊரில் அதே தொழிலை நடத்தியிருக்கவும் கூடும். நிறைவும் வேறு வழியின்மையும் ஒரே மனிதரின் வாழ்வில் இவ்வளவு நெருங்கிக் கிடக்கும்போது, எது எங்கே முடிகிறது என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. அவராலேயே சொல்லியிருக்க முடியுமா என்பதும் ஐயமே.