சமையற்கட்டை வாடகைக்கு விடுவோர் கவனத்திற்கு



திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள் ஏராளம். ஷிப்டு முடிந்து வரும் அவர்களுக்குச் சோறாக்கிப் போடுவதே சிலருக்குத் தொழில். அப்படிப்பட்டவருக்கு வீட்டின் பின்கட்டுச் சமையலறையை வாடகைக்கு விடுவது ஹலாலான வருமானந்தான். விடுகிற முறையில்தான் குறை.

"போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று முன்பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுகிறோம். பத்து நாள் கழித்து, நம் வீட்டுச் சட்டியில் என்ன வெந்ததோ என்ற சந்தேகம் பிறக்கிறது. உடனே வெளியே போ என்கிறோம். யாரும் முன்னமே சொல்லவில்லையே என்கிறார் அவர். குற்றம் யார் மீது? பன்றி இறைச்சியும் மதுவும் நமக்கு ஹராம் என்பதை அவரே அறிந்திருக்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. ஊர் வழக்கமும் நிபந்தனை போன்றதே என்று பிக்ஹு கிதாபிலிருந்து ஆதாரமும் காட்டுவார்கள். இருவருக்கும் தெரிந்திருந்தால்தான் அது வழக்கம். அவர் வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர். நம் மத்ரஸாவில் ஓதி வந்தவரல்லர்.

முஸ்லிம்கள் தாம் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது ஹதீஸின் கருத்து. வாயைத் திறந்து சொல்லாததை ஒருவர் எப்படி ஒப்புக்கொள்வார்? இஜாராவில் வாடகை எவ்வளவு, காலம் எவ்வளவு, எந்தப் பயனுக்கு என்பவை தெளிவாக வேண்டும் என்று இமாம்கள் வலியுறுத்தியது இந்தச் சச்சரவைத் தவிர்க்கத்தான்.

பாத்திர விஷயம் ஸஹாபாக்கள் காலத்திலேயே எழுந்தது. பன்றியைச் சமைத்து மது அருந்தும் அண்டை வீட்டாரின் பாத்திரங்களைப் பற்றி அபூ ஸஃலபா அல் குஷனீ (ரலி) அவர்கள் கேட்டபோது, வேறு பாத்திரம் கிடைத்தால் அதையே உபயோகிக்கவும், கிடைக்காவிட்டால் கழுவிக்கொள்ளவும் நபி (ஸல்) அவர்கள் வழி சொன்னார்கள். ஷாபிஈ மத்ஹபினர் பன்றி பட்டதை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து, கழுவ வேண்டும். அந்தச் சிரமம் எதற்கு? நம் சட்டி பானைகளை உள்ளே எடுத்துக்கொண்டு, அவருடையதை அவரே கொண்டுவரச் சொல்லிவிடலாம்.

காஸையும் பேசிவிட வேண்டும். வீட்டுக்குரிய 14.2 கிலோ சிலிண்டரை வியாபாரத்துக்கு எரிப்பது சட்டவிரோதம். அதற்கென்று 19 கிலோ சிலிண்டர் இருக்கிறது. தண்ணீர், கழிவு, எத்தனை மணி வரை அடுப்பு, பெண்கள் புழங்கும் முற்றத்தில் யார் வரலாம் என்பவையும் அப்படியே.

நிபந்தனை நம்மையும் கட்டும். அவருடைய நேரத்தில் அந்த அறை அவருடையது. நாமும் ஸலாம் சொல்லி அல்லது குரல் கொடுத்து, அனுமதி பெற்றே நுழைய வேண்டும். வாடகைப் பொருள் அவர் கையில் அமானிதம். கவனக்குறைவின்றி மேடைக்கல் விரிந்தால் அவரிடம் ஈடு கேட்கக் கூடாது. ரமழான் பிறை கண்ட மறுநாள், பகலில் அடுப்பெரியக் கூடாதென்று திடீரென உத்தரவிடுவதும் அநியாயம். மாத வாடகையைப் பெற்றுக்கொண்டு பாதி நாளைப் பறிப்பதற்கு மார்க்கத்தின் பெயரைச் சொல்லலாமா? அப்படி விருப்பமிருந்தால் முதலிலேயே சொல்லி, அந்த மாத வாடகையைக் குறைக்க வேண்டும்.

இவற்றை எழுதிக்கொள்வது சிறந்தது. 2019 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் எழுத்து ஒப்பந்தத்தையே கேட்கிறது. கடனை எழுதச் சொல்லும் சூரத்துல் பகராவின் 282வது ஆயத்து, சொல்லி எழுதவைக்க இயலாதவருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்லட்டும் என்கிறது. ஒடிசாக்காரருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அவர் நம்பும் ஒருவரை அவரே அழைத்துவரட்டும். அவர் பாஷையில் ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிடுங்கள். முன்பணம் அதற்குப் பிறகு கைமாறட்டும்.