கூடும் குண்டும்

பழைய ரைஃபிள் தோட்டாக்களை அடையாளம் காண்பது ஒருவகை வாசிப்பு. அதனாலேயே எழுதுகிறவர்கள் முன்னும் அது ஒரு கேள்வியை வைக்கிறது: துல்லியமாகப் பெயரிட்டுவிட்டால் ஒரு பொருளை அறிந்ததாகிவிடுமா?

ஓசூரில் லேத் பட்டறைகளுக்கும் பழைய பித்தளை வாங்கும் கடைகளுக்கும் குறைவில்லை. வெர்னியர் பிடிக்கத் தெரிந்தவருக்குக் காலித் தோட்டாவின் முதல் பாடம் எளிது. அடியில் விளிம்பு உண்டா, உடல் நேராகப் போகிறதா, புட்டிக் கழுத்தாக ஒடுங்குகிறதா, நீளம் எத்தனை. 56 மில்லிமீட்டர், விளிம்பு, ஒடுங்கிய கழுத்து என்றால் அநேகமாக .303. அடிவட்டத்தில் கே.எஃப். என்றிருந்தால் புனேக்கு அருகில், இன்று கட்கி எனப்படும் கிர்க்கீ தொழிற்சாலை; பக்கத்தில் ஆண்டு, மாதிரி எண். தேன்கனிக்கோட்டை, ஜவளகிரிக் காடுகளை எழுதிய கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டர் தோட்டாவுக்குக் கழுத்து கிடையாது. அவர் புத்தகங்களில் குண்டு போன இடமும் உண்டு. ஆனால் அதையும் சுட்டவரே சொல்கிறார்.

பித்தளையில் இருப்பவை எல்லாம் சுட்டவன் பக்கத்துச் செய்திகள். கூடு அவன் காலடியில் விழுகிறது. குண்டு வேறெங்கோ போய்விட்டது. யார் மேல், எதன் மேல் என்பதற்கு அடிவட்டத்தில் இடமில்லை. சேகரிப்பு தன் இயல்பிலேயே ஒரு தரப்பின் ஆவணம்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1791 நவம்பரில் ஆங்கிலேயப் படை கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பியது. அன்று தோட்டா என்பது மருந்தையும் ஈயக்குண்டையும் சுற்றிய காகிதம். காகிதம் போய்விடும், மிஞ்சக்கூடியது ஈய உருண்டை, அதுவும் பட்ட இடத்தில், முத்திரையில்லாமல். பித்தளை வந்தபின் மிச்சம் இடம் மாறியது. முத்திரையும் சேர்ந்துகொண்டது.

கல்கத்தா அருகே டம்டம் ஆயுதசாலையில் 1890களில் செய்த, நுனியில் உறையில்லாத குண்டு உடலுக்குள் விரிந்தது. 1899 ஹேக் மாநாடு அத்தகைய குண்டுகளைத் தடை செய்தது. 1910இல் வந்த .303 ஏழாம் மாதிரியில் உறை முழுமை. உள்ளே நுனிப்பகுதியில் மட்டும் ஈயத்துக்குப் பதில் அலுமினியம் போன்ற லேசான பொருள். பின்பாரம் கூடிய குண்டு உடலில் புகுந்ததும் புரளும். நோக்கம் எதுவாயினும், சட்டத்தின் சொல் காப்பாற்றப்பட்டது, காயம் எளிதாகிவிடவில்லை. முத்திரையில் 'ஏழு' என்று படித்து மகிழ்கிறவர் இதையும்தான் படிக்கிறார்.

1959 ஆயுதச் சட்டப்படி வெடிக்காத தோட்டா ஒன்றை உரிமமின்றி வைத்திருப்பதே குற்றம். 1972இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம், உடைமை என்பதற்கு அதுபற்றிய பிரக்ஞை வேண்டும் என்றது. தன் பையில் கிடப்பதை அறியாதவனுக்கு இது புகலிடம். சேகரிப்பவருக்கு அந்தப் புகலிடம் இல்லை; அறிவதே அவர் வேலை.

இந்தத் தர்க்கத்தைச் சட்டத்துக்கு வெளியேயும் நீட்டலாம் என்று நினைக்கிறேன். அறிந்து வைத்திருப்பவனுக்கு, அறிந்ததன் மறுபாதி மீதும் பொறுப்பு உண்டு. சேகரிப்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. விட்டால் கூடு உலைக்குப் போய்க் குழாய்த் திருகாக வரும்; இருக்கிற ஒரு பக்கச் சாட்சியும் அழியும். வேண்டுவது, அட்டவணையில் ஆண்டுக்கும் மாதிரிக்கும் அடுத்து இன்னொரு கட்டம்: சென்ற இடம். பெரும்பாலும் அது நிரம்பாது. நிரம்பாத கட்டமும் கட்டமே இல்லாததும் ஒன்றல்ல.